ராம்நாடா, கீழக்கரையா, உச்சிப்புளியா? வீடு தேடி அலைஞ்ச கணக்கு

எனக்கு வேலை ராம்நாட், அதான் ராமநாதபுரம், கலெக்டர் ஆபீஸ் பக்கம், வீட்டுக்காரிக்கு மண்டபத்துல ஸ்கூல். நடுவுல எங்கயாச்சும் சல்லிசா ஒரு வீடு கெடைக்காதான்னு ரெண்டு மாசமா ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வண்டிய எடுத்துட்டு சுத்துனோம். அபார்ட்மென்ட்னு தேடுனா ஏமாந்துருவீங்க, இங்கிட்டு கெடைக்கிறது முக்காவாசி மாடி போர்ஷன், இல்லன்னா ஒரே காம்பவுண்டுக்குள்ள நாலு வீடு.

மொதல்ல பட்டணம்காத்தான். புது வீடு, டைல்ஸ், ரெண்டு பெட்ரூம், பைக் நிறுத்த எடம், ஆபீஸுக்கு நடந்தே போயிரலாம். வாடகை 9,000, அட்வான்ஸ் 60,000. 2017ல வந்த வாடகை சட்டப்படி, அக்ரிமென்ட்ல வேற மாதிரி எழுதிக்காத வரைக்கும் மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக்கூடாதுன்னு மெதுவா சொல்லிப் பாத்தேன், ஹவுஸ் ஓனர் சிரிச்சுட்டு அடுத்த ரூமக் காட்டப் போயிட்டாரு. அது கூட பரவால்ல, குழாயத் தொறந்தா போர் தண்ணி அப்படியே உப்பு, சோப்பு போட்டா நொர வரல. காவிரித் தண்ணி தெனமும் வராதாம், குடிக்க சமைக்க வண்டித் தண்ணி குடக்கணக்குல வாங்கணும், அத மாடிக்கு தூக்குறது யாரு? கரண்டுக்கு தனி மீட்டர் கெடையாது, சப் மீட்டர் தான், யூனிட்டு 9 ரூபா. கவர்மென்ட் குடுக்குற இலவச யூனிட் ஓனருக்கே போயிரும். இதையெல்லாம் கூட்டுனா 9,000 வாடகை 11,000ஐ தாண்டுது. வாடகைய மட்டும் கேட்டுட்டு வந்துராதீங்க.

ராம்நாட் டவுனுக்குள்ள அரண்மனை, கேணிக்கரை பக்கம் பழைய வீடு 6,000க்கு இருக்கு. கடைத்தெரு காலடியில. ஆனா வண்டிய ரோட்டுலதான் விடணும், சந்துக்குள்ள காத்தே வராது.

கீழக்கரை ராம்நாட்டுல இருந்து 17 கிலோமீட்டர். அங்க போனா வயித்தெரிச்சல்தான், அரண்மனை மாதிரி வீடுக பூட்டியே கெடக்கு, ஆளுங்க வெளிநாட்டுல, சென்னையில. கல்யாணத்துல பொண்ணுக்கு வீடு குடுக்குற ஊரு, அதனால வெளியாளுக்கு வாடகைக்கு வர்றது கம்மி, புரோக்கர் வச்சு தேடுறது வேஸ்ட். தெரிஞ்சவங்க யாராச்சும் சொன்னா உண்டு. அதோட அங்கிருந்து மண்டபம் வேற திசை.

ராமேஸ்வரத்த சும்மா ஒரு ரவுண்டு பாத்தோம். தை அமாவாசை, ஆடி அமாவாசைக்கு யாத்திரைக்காரங்களுக்கு நாள் வாடகைக்கு ரூம் விட்டா வர்ற காச விட்டுட்டு நமக்கு எதுக்கு மாச வாடகைக்கு குடுக்கப் போறாங்க? அதுவும் 2022 டிசம்பர்ல பழைய பாம்பன் பாலத்துல ரயில நிறுத்துனதுல இருந்து 2025 ஏப்ரல்ல புதுப்பாலம் தொறக்குற வரைக்கும் ரயில்ல வேலைக்குப் போற பேச்சே இல்லாம கெடந்த ஊரு.

நடுவுல ஒருத்தர் ஒத்திக்கு கூப்பிட்டாரு, 3 லட்சம் குடுத்தா மூணு வருசம் வாடகையே இல்ல, காலி பண்றப்ப அந்தக் காச திருப்பிக் குடுத்துருவேன்னு. ஆசையாத்தான் இருந்துச்சு. ஆனா எங்க மாமா ஒருத்தர் இப்படித்தான் வெறும் பேப்பர்ல எழுதி வாங்கிட்டு, காலி பண்ணி ஒன்றரை வருசமாகியும் காசுக்கு அலையுறாரு. ஒத்தின்னா ரிஜிஸ்டர் பண்ணுங்க, வீடு பேங்க்ல அடமானத்துல இருக்கான்னு வில்லங்கம் போட்டு பாருங்க, முடியலன்னா விட்டுருங்க.

கடைசியா ராம்நாட்டுக்கும் மண்டபத்துக்கும் நடுவுல இருக்குற உச்சிப்புளி. தென்னந்தோப்பு ஓரம், மணல் தரை, ஓட்டு வராண்டா வச்ச மச்சு வீடு, 5,500, அட்வான்ஸ் 20,000, தனி மீட்டர். எனக்கு தெனமும் போக வர பெட்ரோல் ஆகும், ராத்திரி புள்ளைக்கு காய்ச்சல்னா ராம்நாட்டுக்குத்தான் ஓடணும், அந்த யோசனை இருந்துச்சு. வீட்டுக்காரி ஒண்ணும் பேசல, நேரா கிணத்தடிக்குப் போயி ஒரு வாளி எறச்சு சோப்பு போட்டு கை கழுவுனா. நொர பொங்குச்சு. அம்புட்டுதான், அன்னைக்கே அட்வான்ஸ் குடுத்தாச்சு.

இப்ப மூணு மாசமாச்சு. உப்புக்காத்துல சைக்கிள் செயின் துரு ஏறிருச்சு, ஃப்ரிட்ஜ் அடியிலயும் லேசா ஆரம்பிச்சிருக்கு. வாரம் ஒருக்கா தேங்காண்ண போட்டு தொடச்சுக்கிட்டு இருக்கேன்.