ஸ்காட் லஃபாரோவின் பேஸைக் கேட்க ஒரே ஒரு ஆல்பம்

ஜாஸ் பியானோக்காரர் பில் எவன்ஸின் மூவர் குழுவான பில் எவன்ஸ் ட்ரியோ, 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் ஜாஸ் கிளப்பான வில்லேஜ் வேன்கார்டில் வாசித்த நேரடிப் பதிவு ‘சண்டே அட் தி வில்லேஜ் வேன்கார்ட்’. பெயர் பியானோக்காரருடையது, ஆனால் பாடல் தேர்வே டபுள் பேஸ் (நின்றபடி வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) வாசித்த ஸ்காட் லஃபாரோவை முன்னிறுத்தத்தான். முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் அவர் எழுதியவை. பதிவான பதினோராம் நாள் கார் விபத்தில் இறந்தார், வயது 25.

ஒவ்வொரு பீட்டுக்கும் ஒரு நோட் என்று நடக்கும் வழக்கமான பேஸ் இதில் குறைவு. பியானோ விட்ட இடைவெளியில் மேல் ஸ்தாயிக்கு ஏறி, பதில் சொல்லிவிட்டு இறங்குகிறார். ‘சோலார்’ பாட்டில் வரும் நீண்ட பேஸ் சோலோவில் ட்ரம்ஸையும் கவனியுங்கள். ட்ரம்ஸ் வாசிக்கும் பால் மோஷியன் தாளத்தைக் கோடிட்டு மட்டும் காட்டி ஒதுங்கிக்கொள்கிறார். கடைசிப் பாட்டான ‘ஜேட் விஷன்ஸ்’ஸில் லஃபாரோ இரண்டு கம்பிகளைச் சேர்த்து மீட்டுகிறார், அவசரமே இல்லாமல்.

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸின் அடிக்கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். அது அதில் வராது, சோலோ மட்டும் ஒல்லியாகக் கேட்கும். நல்ல ஹெட்போன் போதும். நடுவே கிளாஸ் சத்தம், பேச்சுக் குரல் வரும். ரெக்கார்டிங் கோளாறு இல்லை, கிளப்பில் உட்கார்ந்தவர்கள்தான். பதிவு நடுவில் தடைப்பட்ட பாட்டு உட்பட, அன்று வாசித்த எல்லா டேக்கும் (ஒவ்வொரு முறை வாசித்த பதிவும்) வேண்டுமென்றால் மூன்று சிடி தொகுப்பு இருக்கிறது. புதிதாகக் கேட்பவருக்கு அது அதிகம்.