பஸ்ஸரில் தொடங்கி ஜலதரங்கம் வரை: ஆரம்பநிலை எலெக்ட்ரானிக்ஸ் கிட், ஒரு வருஷத்துக்குப் பிறகு

பெட்டி பிரித்த வாரத்தில் எந்த கிட்டும் நன்றாகத்தான் இருக்கும். எது தேய்கிறது, எது உடைகிறது, எது திரும்பத் திரும்பக் கைக்கு வருகிறது என்பதெல்லாம் மாதங்கள் போன பிறகுதான் தெரியும். ஆர்டுயினோ ஊனோ வகை போர்டு (கணினியில் நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் பலகை) வைத்த ஆரம்பநிலை கிட் ஒன்றை நாங்கள் ஒரு வருஷத்துக்கு மேலாகப் பயன்படுத்துகிறோம். 'நாங்கள்' என்றால் நானும், பாட்டு கற்றுக்கொள்ளும் என் அண்ணன் மகளும். தண்ணீர் ஊற்றிய ஆறு பீங்கான் கிண்ணங்களை ஜலதரங்கம் போலத் தட்டி மோகன ராகம் வாசிக்கும் ஒரு சின்ன இசை ரோபோ இப்போது மேஜையில் இருக்கிறது.

வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். ஆனால் கூடவே வரும் 9 வோல்ட் பேட்டரி கிளிப்பை நம்பி இசை ரோபோ செய்ய முடியாது. அப்புறம், பெட்டியிலேயே மதிப்பு மிகுந்த பொருள், எல்லாவற்றிலும் மலிவான பஸ்ஸர்தான், அதாவது ஒலியெழுப்பும் சின்ன வில்லை.

பஸ்ஸர் இரண்டு வரும். பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அடிப்பக்கம் கறுப்பாக மூடியிருப்பது, மின்சாரம் கொடுத்ததுமே ஒரே சுருதியில் கத்தும். அதிர்வை உண்டாக்கும் சுற்று அதற்குள்ளேயே இருக்கிறது. அலாரத்துக்கு ஆகும், பாட்டுக்கு ஆகாது. அடியில் பச்சை போர்டு தெரிகிறதே, அதுதான் நாம் அனுப்பும் அதிர்வெண்ணில் ஒலிப்பது. 'டோன்' என்ற ஒரே கட்டளையில், அதை போர்டில் மாட்டியிருக்கும் பின்னின் எண்ணையும் அதிர்வெண்ணையும் கொடுத்தால் போதும், பாடும்.

எங்கள் கிட்டின் கையேடு 262, 294, 330 என்று மேற்கத்திய சுரங்களைத் தருகிறது. அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, ஸட்ஜத்தை 240 ஹெர்ட்ஸில் வைத்துப் பாருங்கள். 'டோன்' கட்டளை முழு எண்களை மட்டுமே ஏற்கும். 240 என்று வைத்தால் இயல்பான சுர விகிதங்கள் பெரும்பாலும் முழு எண்ணாகவே விழுகின்றன. ஒன்பதுக்கு எட்டு என்றால் ரிஷபம் 270, ஐந்துக்கு நான்கு என்றால் காந்தாரம் 300, மூன்றுக்கு இரண்டு என்றால் பஞ்சமம் 360, ஐந்துக்கு மூன்று என்றால் தைவதம் 400, மேல் ஸட்ஜம் 480. மோகனம் தயார். பாட்டின் முதல் பாடமான சரளி வரிசைக்கு மாயாமாளவகௌளை ராகம் வேண்டுமா? 240, 256, 300, 320, 360, 384, 450, 480. ஒரு புள்ளி பின்னம்கூட இல்லை. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த மாலையில் எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

வித்தியாசம் காதுக்கே தெரியும். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டாகச் சமமாகப் பங்கிட்ட கீபோர்டு முறைப்படி போனால் 240இன் காந்தாரம் 302க்குச் சற்று மேலே வரும். தம்புரா செயலியை 240இல் ஓடவிட்டு, பஸ்ஸரில் 300, 302 என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். 300 சுருதியோடு சேர்ந்து நிற்கிறது. 302இல் ஒரு படபடப்பு. ஒவ்வொரு சுரத்தோடும் அதன் மடங்குகளும் மெலிதாக ஒலிக்கும். ஸட்ஜத்தின் ஐந்தாம் மடங்கு 1200, காந்தாரத்தின் நான்காம் மடங்கு 1208. அந்த எட்டு ஹெர்ட்ஸ்தான் நொடிக்கு எட்டு முறை அடித்துக்கொள்கிறது. இந்த அந்தர காந்தாரம் எங்கே நிற்க வேண்டும் என்று பாட்டு ஆசிரியர் சொல்லிக்கொண்டே இருந்ததை அண்ணன் மகள் அன்று எண்ணாகவே பார்த்துவிட்டாள்.

ஒளியை உணரும் எல்டிஆரை வைத்துக் கையசைவில் சுருதியை ஏற்றி இறக்குவதும் செய்தோம். நன்றாக வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் டியூப்லைட் அடியில் நடுங்கும், ஏனென்றால் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு நூறு முறை மினுங்குகிறது. பல அளவீடுகளின் சராசரியை எடுத்தால் சரியாகிவிடும்.

ரோபோவாக மாறுவது, சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சர்வோ மோட்டாரில்தான். கிட்டில் எஸ்ஜி90 ஒன்று வந்தது. வெறும் ஒன்பது கிராம் எடை. மேலும் ஐந்தைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினோம். இரண்டு சர்வோ ஒரே நேரத்தில் அசைந்தால் போர்டு ஒரு கணம் நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பாட்டு ஸட்ஜத்துக்கே திரும்பிவிடும். நிரலில் குறை ஏதும் இல்லை, மின்னழுத்தம் சரிகிறது. 9 வோல்ட் பேட்டரிக்கு இவ்வளவு கரண்ட் தரத் தெம்பு இல்லை. தனியாக 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்று, அதன் குறுக்கே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், போர்டின் கிரவுண்டையும் அடாப்டரின் கிரவுண்டையும் சேர்த்து ஓர் ஒயர். அவ்வளவுதான், அதன் பிறகு ஒருமுறைகூட நிற்கவில்லை. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லாதது உண்மையிலேயே பெரிய குறை. எத்தனை பிள்ளைகள் இந்த இடத்தில் 'எனக்கு வரவில்லை' என்று பெட்டியை மூடியிருப்பார்கள்!

தட்டும் கோலுக்குத் தென்னை ஈர்க்கு, நுனியில் ஒரு மரமணி. ஐஸ் குச்சியைவிட இது எவ்வளவோ மேல். ஈர்க்கு வளைந்து கொடுப்பதால் மணி கிண்ணத்தைத் தொட்டதும் தானே துள்ளி விலகுகிறது, ஒலி அமுங்குவதில்லை. சர்வோவைப் பதினைந்து டிகிரி இறக்கி உடனே ஏற்றினால் போதும்.

சுருதி சேர்ப்பதற்கு மறுபடி பஸ்ஸர். எங்களிடம் இருந்த சின்னக் கிண்ணங்களுக்கு 960 ஸட்ஜமாக அமைந்தது, 240க்கு இரண்டு ஸ்தாயி மேலே. அந்த உயரத்தில் பஸ்ஸரும் கணீரென்று ஒலிக்கிறது. 240இல் அதன் சத்தம் மெலிவுதான். வேண்டிய சுரத்தைவிடச் சற்று உயரமாக ஒலிக்கும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, பஸ்ஸர் பாடப் பாட, ஸ்பூனால் தண்ணீர் விட்டு இறக்க வேண்டும். தண்ணீர் கூடினால் சுருதி இறங்கும். கடைசிச் சொட்டுகளில் பொறுமை வேண்டும். அந்த வேலையை அவள்தான் செய்கிறாள். என் காதைவிட அவள் காது கூர்மை.

ஏப்ரலில் ஒரு நாள் கூடத்தில் ரோபோ வாசித்துக்கொண்டிருந்தது. உள்ளே புத்தகம் படித்துக்கொண்டிருந்தவள், "சித்தப்பா, பஞ்சமம் ஏறிப்போச்சு" என்றாள். அந்தக் கிண்ணம் மட்டும் ஃபேனுக்கு நேர் கீழே இருந்தது. தண்ணீர் வற்றியிருந்தது. இப்போது வாசிப்பதற்கு முன் ஒரு ரவுண்டு சரிபார்த்துவிடுகிறோம்.

எது நிலைத்தது? போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இது அசல் இல்லை, நகல். விலை அசலில் பாதிகூட இல்லை. கணினியில் போர்டின் யுஎஸ்பி சிப்புக்கான சிஎச்340 டிரைவர் மென்பொருள் போட வேண்டியிருந்தது, அவ்வளவே. ஜம்பர் ஒயர்கள்தான் முதலில் தளர்ந்தன. ஒயர்களைச் செருகும் பிரெட்போர்டில் ஓரத் துளைகள் பிடிப்பு விட்டுவிட்டன. சர்வோக்களில் இரண்டுக்கு உள்ளே பிளாஸ்டிக் பல் தேய்ந்து கோல் நடுங்கியது. உலோகப் பல் உள்ள எம்ஜி90எஸ் மாற்றினோம்.

நிரல் எழுதும்போது 'டிலே' கட்டளையை ஆரம்பத்திலேயே கைவிடுவது நல்லது. அது முடியும் வரை மற்ற எல்லாமே காத்து நிற்கும். போர்டு தொடங்கியதிலிருந்து ஓடிய மில்லி நொடிகளைச் சொல்லும் 'மில்லிஸ்' வைத்து ஒவ்வொரு கோலுக்கும் தனி நேரக்கணக்கு வைத்தால் ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையும் வழுவாமல் வரும்.

இன்னும் பிடிபடாதது ஜண்டை வரிசை. 'ஸஸ ரிரி கக' என்று ஒரே கிண்ணத்தை அடுத்தடுத்து இரண்டு முறை தட்ட வேண்டும். முதல் காலத்தில், அதாவது முதல் வேகத்தில் சரி, இரண்டாவதில் சமாளிக்கிறது, மூன்றாவதில் கோல் திரும்பி வருவதற்குள் அடுத்த சுரம் வந்துவிடுகிறது. அதற்குச் சர்வோ போதாது, மின்சாரம் பாய்ந்ததும் உள்ளிருக்கும் தண்டை இழுக்கும் சுருளான சோலனாய்டுக்குத்தான் போக வேண்டும். அதை போர்டு பின்னில் நேராக மாட்டாதீர்கள். நடுவில் டிஐபி120 போன்ற டிரான்சிஸ்டரும், சுருளின் குறுக்கே 1என்4007 டயோடும் கட்டாயம். டயோடின் வெள்ளைக் கோடு ப்ளஸ் பக்கம் இருக்க வேண்டும்.