போரில் மறைந்த ரஷ்யத் தாத்தாவைத் தேட ‘பாமியத் நரோதா’ இணையதளம்

இரண்டாம் உலகப் போரில் சோவியத் படையில் இருந்தவர்களைப் பற்றி அறிய ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் 2015-இல் தொடங்கிய ‘பாமியத் நரோதா’ இணையதளம், மாஸ்கோவை அடுத்த பொதோல்ஸ்க்கில் உள்ள ராணுவ ஆவணக் காப்பகத்தின் தாள்களைப் படமெடுத்துக் கட்டணமின்றிக் காட்டுகிறது. மாஸ்கோவின் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகத்தில் 1960-களில் படித்த என் அப்பாவை மணந்து சென்னைக்கு வந்த என் ரஷ்ய அம்மா சென்ற ஆண்டு காலமானார். அவருடைய பிறந்த வீட்டைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தவிப்பில்தான் நான் இதை நாடினேன். தன் தந்தை போரிலிருந்து திரும்பவில்லை என்பதற்கு மேல் அம்மா எதையும் சொன்னதில்லை. தந்தை போர்முனைக்குப் போனபோது அவர் கைக்குழந்தை.

தேடுவதற்குக் குடும்பப் பெயர், இயற்பெயர், தந்தைவழிப் பெயர், பிறந்த ஆண்டு ஆகியவை வேண்டும். நம்மவர் பெயரின் முன்னெழுத்தில் தந்தை நிற்பதுபோல ரஷ்யர்களின் முழுப்பெயரில் தந்தையின் பெயர் நடுவில் நிற்பதால், அம்மாவின் பழைய சோவியத் சான்றிதழ் ஒன்றே தாத்தாவின் இயற்பெயரைத் தந்துவிட்டது. ஆயினும் ரஷ்ய அரசின் கணக்குப்படி அப்போரில் இறந்த சோவியத் படையினர் மட்டும் ஏறத்தாழ 87 லட்சம் பேர் என்பதால், ஒரே பெயரில் பலர் வரிசையாக வருவார்கள். படைக்கு அழைத்த ஊரையும் மனைவியின் பெயரையும் வைத்தே நம்மவரைப் பிரித்தறிய முடிகிறது.

இந்தத் தளத்தின் உண்மையான பெறுமதி தேடல் முடிவில் வரும் சுருக்கத்தில் இல்லை, அதன் கீழே இருக்கும் மூலத்தாளில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. சுருக்கம் ஒருவரை மட்டும் காட்டுகிறது; படைப்பிரிவு மேலிடத்துக்கு அனுப்பிய இழப்பு அறிக்கையிலோ, தாத்தாவுக்கு மேலும் கீழும் அவரோடு அதே நாட்களில் இறந்தவர்கள் அனைவரும், அவரவர் பதவி, பிறந்த ஊர், புதைத்த இடம், வீட்டாரின் முகவரி ஆகியவற்றோடு இருக்கிறார்கள். 1942 ஆகஸ்டில், அப்போது ஜெர்மானியர் வசமிருந்த ர்ஷேவ் நகரை அடுத்து அவர் கொல்லப்பட்டார் என்பதை அங்கேதான் படித்தோம். உறவினர் என்ற கட்டத்தில் பாட்டியின் பெயரும், அம்மா பிறந்த கலீனின் மாகாணக் கிராமமும் இருந்தன. அந்த மாகாணத்தின் இன்றைய பெயர் த்வேர். கையெழுத்தை வாசித்துக் காட்டிய அப்பா அந்த ஊர்ப்பெயரை அடைந்ததும் வெகுநேரம் பேசவில்லை. அம்மா போனபின் அவர் மனம்விட்டு அழுதது அன்றுதான். துக்கத்தில் இருப்பவர்கள் இதைத் தனியாக உட்கார்ந்து பார்க்காமல், வீட்டார் ஒருவரையாவது உடன் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

படைப்பிரிவின் எண் கிடைத்துவிட்டால், அதன் போர் நாட்குறிப்புகளையும் இதே தளத்தில் தேடலாம். எந்த மேட்டுக்காக, எந்த ஆற்றங்கரையில் அன்று சண்டை நடந்தது என்பது வரை சிலவற்றில் எழுதப்பட்டுள்ளது.

ஆவணங்கள் அனைத்தும் ரஷ்ய மொழியில் உள்ளன; அவசரக் கையெழுத்தை வாசிக்க மொழி தெரிந்தவரின் துணை வேண்டும். அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்களும் உண்டு என்பதால் எழுத்தை மாற்றி மாற்றித் தேட வேண்டும். ‘தகவலின்றிக் காணாமல் போனார்’ என்று மட்டும் முடியும் பதிவுகளில், கடைசிக் கடிதத்தின் தேதியோடு சில மாதங்களைக் கூட்டிப் போட்ட தேதியே பெரும்பாலும் நிற்கிறது. அதை இறந்த நாளாகக் கொண்டு திதி கொடுக்க முடியாது. அப்படிப்பட்ட பதிவை மட்டும் பெறுகிற குடும்பங்களின் வேதனையை இத்தளம் தீர்க்காது.

குடும்ப மரம் வேண்டுவோருக்கு இது தொடக்கம் மட்டுமே. தாத்தா கலீனின் பகுதிக்காரர் அல்லர், அங்கிருந்து வெகுதொலைவில் கிழக்கே உள்ள கீரோவ் மாகாணத்தில் பிறந்தவர் என்பது அதே தாளில் தெரிந்தது. ஆனால் அதற்கு முந்தைய தலைமுறைகளை மாகாண ஆவணக் காப்பகங்களில் உள்ள தேவாலயப் பதிவேடுகளில்தான் தேட வேண்டும். பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் புரட்சி வரை பாதிரியார்களே பதிந்து வந்தனர். கீரோவ் காப்பகத்துக்கான விண்ணப்பத்தை அப்பா எழுதிக்கொண்டிருக்கிறார். மணமகன், மணமகள் இருவரின் ஊர்களும் சாட்சிகளின் பெயர்களும் ஒருங்கே இருக்கும் என்பதால், கொள்ளுத்தாத்தாவின் திருமணப் பதிவையே முதலில் கேட்கிறோம்.