கடலூர்ப் புழுக்கத்தில் ஓர் இன்ஃப்ராரெட் சவுனா: 2022 முதல் பயன்படுத்திய அனுபவம்

"ஏன் சார், காசு கொடுத்து வேர்க்கணுமா? கத்திரி வெயில்ல மொட்டை மாடிக்குப் போனா சும்மாவே வேர்க்குமே!" மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் இன்ஃப்ராரெட் சவுனாவை, அதாவது அகச்சிவப்புக் கதிரால் உடம்பைச் சூடாக்கி வேர்க்கவைக்கும் பெட்டியைப் பார்த்து, இதைக் கேட்டுவிட்டுத்தான் காபியையே கையில் வாங்குவார்கள்.

நியாயமான கேள்விதான். பதில் ஈரப்பதத்தில் இருக்கிறது. நம் ஊரில் வேர்வை வரும், காயாது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டு எரிச்சல்தான் மிஞ்சும். வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காற்றை மூடிய பெட்டிக்குள் 55 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 20 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். காற்றில் இருக்கும் நீராவி அப்படியேதான் இருக்கிறது. சூடு ஏற ஏறக் காற்று தாங்கக்கூடிய அளவு கூடிவிடுகிறது, அவ்வளவுதான். அதனால் சூடு அதிகமாக இருந்தும் புழுக்கம் தெரியாது. அப்புறம், பெட்டிக்குள் புற ஊதாக் கதிர் கிடையாது. தோல் கருக்காது, வைட்டமின் டி-யும் கிடைக்காது. அதற்கு மாடிக்குத்தான் போக வேண்டும்.

எங்களுடையது ஒருவர் உட்காரும் ஹெம்லாக் மரப்பெட்டி, முன்னால் கண்ணாடிக் கதவு. முதுகுக்குப் பின்னாலும் இரண்டு பக்கமும் காலருகிலும் சூடேற்றும் கார்பன் பேனல்கள். பின்லாந்துக்காரர்களின் பழைய முறையில் அடுப்பின் மேல் கற்களைக் காயவைத்து, அறைக் காற்றையே 80 முதல் 100 டிகிரிவரை ஏற்றுவார்கள். இங்கே பேனலிலிருந்து கிளம்பும் கதிர் நேராகத் தோலில் விழுந்து சூடேற்றுவதால் 45 முதல் 60 டிகிரிக்குள் வேலை முடிந்துவிடுகிறது. பிசியோதெரபியில் தோள்பட்டைக்குக் காட்டுவார்களே ஐஆர் (இன்ஃப்ராரெட்) விளக்கு, அதன் பெரியண்ணன் என்று சொல்லலாம். அந்த விளக்கு சிவப்பாக ஒளிரும்; இந்தப் பேனல் ஒளிராது. உள்ளே மாறி மாறி எரியும் கலர் விளக்குகள் வெறும் அலங்காரம்.

"கதிர் ஒன்றரை அங்குலம் உள்ளே ஊடுருவும்" என்று விளம்பரங்களில் போடுவார்கள். நம்பாதீர்கள். இந்தப் பேனல்கள் விடும் தொலை அகச்சிவப்பு (அலைநீளம் கூடிய இன்ஃப்ராரெட்) கதிர் தோலின் மேல் ஒரு மில்லிமீட்டருக்குள்ளேயே நின்றுவிடும். அங்கிருந்து சூட்டை உள்ளே கொண்டுபோவது நம் ரத்தம். தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து, இதயத் துடிப்பு ஏறி, உடம்பின் உள்வெப்பம் மெல்லக் கூடுகிறது. கிடைக்கிற பலன் எதுவானாலும் இந்த ஒரு வழியாகத்தான்.

எனக்குக் கிடைத்தது இடுப்புக்கு நிம்மதி. நெய்வேலிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்த காலத்தில் பிடித்த பிடிப்பு, ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. காலையில் குனிந்து செருப்பு மாட்டுவதே பெரும்பாடு. சவுனாவில் உட்கார்ந்த மறுநாள் காலை அந்த இறுக்கம் நன்றாகக் குறைந்திருக்கும். ஆனால் ஒரு வாரம் விட்டால் பழையபடி வந்து நிற்கும். குணமாக்குகிறது என்று நான் சொல்லமாட்டேன், தளர்த்துகிறது. 2009-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில் முடக்குவாதம் உள்ள 17 பேரையும் முதுகெலும்பு இறுக்க நோய் உள்ள 17 பேரையும் நான்கு வாரம் இன்ஃப்ராரெட் சவுனாவில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். வலியும் இறுக்கமும் அப்போதைக்குக் குறைந்தன. சின்ன ஆய்வுதான், ஆனாலும் என் அனுபவம் அதோடு ஒத்துப்போகிறது.

இரண்டாவது, தூக்கம். சாப்பாட்டுக்கு முன், ஏழு மணி வாக்கில் உட்கார்ந்து, உடம்பு ஆறியபின் குளித்தால் பத்து மணிக்குக் கண் தானாகச் சொக்கும். ஏறிய உள்வெப்பம் இறங்கும்போது தூக்கம் வருவது உடம்பின் இயல்பு. படுக்கப் போகும் நேரத்தில் உட்கார்ந்தால் தலைகீழ். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும்.

மற்றபடி விற்பவர்கள் அடுக்கும் பலன்களில் பாதியை ஓரமாக வைத்துவிடலாம். "நச்சு வெளியேறும்" என்கிறார்கள். வேர்வையில் போவது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். கழிவை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். வெளியே வந்து எடை பார்த்தால் குறைந்திருக்கும், ஒரு சொம்பு நீர்மோர் குடித்தால் திரும்பிவிடும். இதயத்துக்கு நல்லது என்று காட்டும் ஆய்வு பின்லாந்தில் 2,315 ஆண்களைச் சுமார் இருபது வருடம் கவனித்து 2015-இல் வெளியிட்டது. அடிக்கடி சவுனாவுக்குப் போனவர்களிடம் இதயத்தால் வரும் திடீர் மரணம் குறைவாக இருந்தது உண்மை. ஆனால் அது கல் அடுப்பு சவுனா. ஆரோக்கியமாக இருப்பவர்கள்தான் அடிக்கடி போனார்களோ என்ற கேள்வியும் உண்டு. அதைக் கொண்டுவந்து இந்தப் பெட்டியின் மேல் ஒட்டுவது வியாபாரம். தொலை அகச்சிவப்பு அறையை இதய நோயாளிகளுக்கே பயன்படுத்தியவர்கள் ஜப்பானில் ககோஷிமா பல்கலைக்கழக மருத்துவர்கள். 60 டிகிரியில் 15 நிமிடம், பிறகு போர்வை போர்த்தி 30 நிமிடம் ஓய்வு. அது மருத்துவர் மேற்பார்வையில் நடக்கும் சிகிச்சை.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் மாமனாருக்கு ரத்த அழுத்தம், மாத்திரை போடுகிறார். "நானும் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கிறேனே மாப்ளே" என்றார். டாக்டரைக் கேட்காமல் வேண்டாம் மாமா என்று சொல்லிவிட்டேன். குழாய்கள் விரியும்போது அழுத்தம் சட்டென்று இறங்கும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். கர்ப்பிணிகள், காய்ச்சல் உள்ளவர்கள், மது குடித்தவர்கள் உட்காரவே கூடாது. குழந்தைக்கு முயற்சி செய்யும் ஆண்களும் தள்ளிப்போடுவது நல்லது; சூடு விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கும், விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இனி கரண்ட். எங்கள் பெட்டி 1,600 வாட்ஸ். சூடேறும் நேரத்தையும் சேர்த்து முக்கால் மணி நேரத்துக்கு 1.2 யூனிட். வாரம் நான்கு நாள் என்றால் இரண்டு மாத பில்லில் நாற்பது யூனிட் சொச்சம் கூடும். பெரிதில்லைதான். ஆனால் ஏசி ஓடும் மாதங்களில் அந்த நாற்பது யூனிட் உங்களை 500 யூனிட்டுக்கு மேலே தள்ளிவிட்டால் குறைந்த யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் விலைச் சலுகையும் போய்விடும். அதனால் மே, ஜூனில் நான் தொடுவதில்லை. பதினைந்து ஆம்ப்ஸ் பாயிண்டைத் தனி வயரில் இழுத்து, தனி எம்சிபி (லோடு கூடினால் தானாக அணையும் சுவிட்ச்) போட்டு, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் வோல்டேஜ் 190-க்கு இறங்கினால் ஹீட்டரின் திறன் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இருபது நிமிடத்தில் ஏறும் சூடு நாற்பது நிமிடம் இழுக்கும். பேனல் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். டிஸ்ப்ளேயில் காட்டும் டிகிரியும் கூரையருகே உள்ள சென்சார் சொல்வது. காலடியில் அவ்வளவு இருக்காது.

உண்மையான தலைவலி உப்புக்காற்று. கதவுக் கீல்கள் முதல் மழைக்காலத்திலேயே துருப்பிடித்தன. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று விற்றவர் சொன்னார், துரு வேறு சொன்னது. ஆசாரியை வைத்துப் பித்தளைக் கீல் மாட்டினேன். 2024 ஃபெஞ்சல் புயலின்போது கரண்ட் இல்லாமல் பெட்டி மூடியே கிடந்தது. திறந்தால் பூஞ்சை வாடை, கதவு ஊதிப்போய்ச் சட்டத்தில் இடித்தது. வெயில் வந்ததும் கதவைத் திறந்து ஃபேன் போட்டுக் காயவைத்த பிறகுதான் சரியானது. இப்போது ஒவ்வொரு முறையும் பெஞ்சில் துண்டு விரித்துத்தான் உட்காருகிறேன். முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துக் கதவை இரவெல்லாம் திறந்து வைக்கிறேன். மழைக்காலத்தில் ஆள் உட்காராத நாளிலும் கொஞ்ச நேரம் ஓடவிடுகிறேன். வார்னிஷ் உள்பக்கம் அடிக்கவே கூடாது, சூட்டில் நெடி கிளம்பும்.

போன வருடம் கால் பக்கப் பேனல் ஒன்று செத்தது. விற்றவர் ஸ்டாக் இல்லை என்று மாதக்கணக்கில் இழுத்தார். வாங்க நினைப்பவர்கள் மரம் எது, கலர் விளக்கு எத்தனை என்று விசாரிப்பதைவிட, பேனலும் கண்ட்ரோல் போர்டும் சென்னையிலோ புதுச்சேரியிலோ கையிருப்பில் இருக்கிறதா, யார் வந்து மாட்டித் தருவார்கள் என்று முதலில் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.