அப்ரெபிடன்டா, அகின்சியோவா? பில்லிங் பக்கமிருந்து ஓர் ஒப்பீடு

அமெரிக்கப் புற்றுநோய் கிளினிக்குகளின் காப்பீட்டு கிளைம்களைச் சென்னையிலிருந்து கையாளும் எங்கள் குழுவிடம், கீமோதெரபி வாந்தியைத் தடுக்கும் வாய்வழி மருந்துகளான அப்ரெபிடன்ட், அகின்சியோ இரண்டில் எதை வழக்கமாக இருப்பில் வைத்தால் பில்லிங் சிக்கலின்றி நடக்கும் என்று ஒரு கிளினிக் கேட்டது. மருந்தைத் தீர்மானிப்பவர் மருத்துவர்தான்; இரண்டும் பொருந்தும் என்று அவர் கருதும் நோயாளிகளுக்கு ஜே8655 என்ற பில்லிங் குறியீட்டில் வரும் அகின்சியோவையே நாங்கள் சொன்னோம்.

சிரைவழி மருந்துக்கு முழு மாற்றாகத் தரப்பட்டிருக்க வேண்டும் என்ற மெடிகேர் (முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) பார்ட் பி விதி இரண்டுக்கும் பொது. வேறுபாடு யூனிட் கணக்கில் இருக்கிறது. அப்ரெபிடன்டின் ஜே8501 குறியீட்டில் ஒரு யூனிட் என்பது 5 மி.கி. முதல் நாள் 125 மி.கி., அடுத்த இரு நாள்களும் 80 மி.கி. வீதம் என்றால் 25, 16, 16 என மொத்தம் 57 யூனிட் ஆகிறது. பெட்டியில் இருப்பதோ மூன்றே கேப்சூல்கள். அதைப் பார்த்து 3 யூனிட் என்று பதிந்துவிட்டால் 15 மி.கி.க்கான தொகைதான் வரும். கிளைம் மறுக்கப்படாமல் பணம் வந்துவிடுவதால் டினையல் (மறுப்பு) பட்டியலிலும் அது தென்படாது, பேமென்ட் போஸ்டிங் செய்பவர், அதாவது வந்த தொகையைக் கணக்கில் பதிபவர், கூர்ந்து பார்த்தால்தான் பிடிபடும்.

தவிர, அப்ரெபிடன்டுக்கு 2005 ஏப்ரலில் மெடிகேர் கவரேஜ் கிடைத்ததே, ஒண்டான்செட்ரான் போன்ற ஒரு 5ஹெச்டி3 வகை வாந்தித் தடுப்பு மருந்தும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்ந்த மூன்று மருந்துக் கூட்டாகத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடுதான். ஒண்டான்செட்ரானுக்குரிய கியூ0162 ஒரு மி.கி. கணக்கு, டெக்ஸாமெத்தசோனுக்குரிய ஜே8540 கால் மி.கி. கணக்கு, ஆக, ஒரே கிளைமில் மூன்று வரிகள், மூன்று அளவுகள்.

அகின்சியோவில் நெட்டுபிடன்ட் 300 மி.கி.யும் 5ஹெச்டி3 வகையான பலோனோசெட்ரான் 0.5 மி.கி.யும் ஒரே கேப்சூலில் அடங்கிவிடுவதால், ஒரு கேப்சூல் ஒரு யூனிட், அவ்வளவுதான். டெக்ஸாமெத்தசோன் வரி மட்டும் இங்கும் கவனம் கேட்கும்: 12 மி.கி. என்றால் 48 யூனிட்.

விலையில் அப்ரெபிடன்ட் முந்துகிறது. அதற்கு ஜெனரிக் உண்டு. துணைக் காப்பீடு இல்லாத நோயாளி டிடக்டிபிள் (காப்பீடு தொடங்கும் முன் நோயாளியே கட்டும் தொகை) போக 20 சதவீதத்தைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும் என்பதால், அவர்கள் விஷயத்தில் எங்கள் பரிந்துரையை நாங்களே வற்புறுத்துவதில்லை. தனியார் காப்பீட்டு கிளைம்களில் எங்கள் அனுபவம் குறைவு. அங்கு முன் அனுமதியைச் சரிபார்த்த பிறகே முடிவெடுப்பது நல்லது.

அப்ரெபிடன்டிலேயே தொடரும் கிளினிக்குகளை, கட்டணங்களைப் பதியும் சார்ஜ் என்ட்ரி மென்பொருளில் 125 மி.கி. கேப்சூலுக்கு 25 என்றும் 80 மி.கி. கேப்சூலுக்கு 16 என்றும் முன்கூட்டியே பதிந்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.