எலும்பு பயாப்ஸிக்கு மோட்டார் டிரில்லா, கை டிரில்லா? சிடி அறையில் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சிடி ஸ்கேன் பார்த்துக்கொண்டே எலும்பு பயாப்ஸி (சோதனைக்காக ஊசியால் எலும்புத் துண்டு எடுப்பது) எடுக்கும் ரேடியாலஜிஸ்ட்களுக்கும், அவர்களோடு நிற்கும் டெக்னீஷியன்களுக்கும், மோட்டார் டிரில் வாங்கலாமா என்று யோசிக்கும் துறைகளுக்கும் இந்தப் பகிர்வு. எங்கள் அறையில் இரண்டு வகையும் நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கின்றன. கை வகையில் கையால் தட்டி இறக்கும் 11 கேஜ், 13 கேஜ் ஜம்ஷிடி ஊசிகளும் (கேஜ் எண் கூடக் கூட ஊசி மெல்லியது), விரலால் திருகித் துளைக்கும் போனோப்டி மாதிரியான 14 கேஜ் செட்டும். மோட்டார் வகையில் பேட்டரியில் ஓடும், துப்பாக்கிப் பிடி கொண்ட டிரில். ஆன்கன்ட்ரோல் இந்த வகையில் பரவலாகத் தெரிந்த பெயர். அவசரப் பிரிவில் ஈஸி-ஐஓ (எலும்பு வழியே மருந்து ஏற்ற ஊசி போடும் டிரில்) பிடித்துப் பழகியவர்களுக்கு இதன் பிடி புதிதாக இருக்காது.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கார்டெக்ஸ் (எலும்பின் கெட்டியான வெளிச்சுவர்) தடிமனாக இருந்தாலோ, பாதிப்பிடம் ஸ்க்லெரோடிக்காக (இறுகிக் கெட்டியாக) இருந்தாலோ மோட்டார்தான். கார்டெக்ஸ் அரித்துப்போன லிட்டிக் (எலும்பு கரைந்த) பாதிப்பிடத்துக்கு மோட்டார் தேவையில்லை. பல நேரம் கெடுதலும்கூட. அங்கே எலும்புத் தூளும் ரத்தமும் கலந்த குழம்புதான் கோர் (ஊசிக்குள் வரும் மாதிரித் துண்டு) என்ற பெயரில் வெளியே வரும். கையால் 11 கேஜ் கான்யுலாவை (வெளிக்குழல் ஊசியை) இறக்கி, அதன் வழியே 18 கேஜ் ட்ரூகட் கன் (திசுவை வெட்டி எடுக்கும் ஸ்பிரிங் ஊசி) விட்டு மென்திசுவை எடுப்பது மேல். உறைந்த ரத்தம் வந்தால் அதையும் வீசாமல் அனுப்புங்கள். கட்டியின் செல்கள் அதிலும் இருக்கும்.

மோட்டாரின் பெரிய லாபம் வேகம் என்று நினைப்பவர்கள் அதிகம். எங்களுக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, முனை வழுக்காமல் நிற்பது. இடுப்பெலும்பின் வளைந்த புறப்பரப்பிலோ, முதுகெலும்பின் சாய்வான பெடிக்கிள் (முள்ளெலும்பின் உடலைப் பின்பகுதியோடு இணைக்கும் எலும்புத் தண்டு) வாயிலிலோ ஜம்ஷிடியைச் சுத்தியால் தட்டினால் முனை சரிந்து பக்கத்துக்கு ஓடும். கோணத்தைத் திருத்தி மறுபடி ஸ்கேன், மறுபடி தட்டல் என்று கதிர்வீச்சும் வலியும் ஏறும். மோட்டார் முனை முதல் சில சுற்றிலேயே தனக்கு ஒரு குழி போட்டுக்கொள்கிறது. அதற்குப் பின் அது நழுவுவது அரிது.

கையில் தெரியும் உணர்வு குறைவது இதற்குக் கொடுக்கும் விலை. ஜம்ஷிடியில் கார்டெக்ஸ் முடிந்து மஜ்ஜை தொடங்கும் இடத்தை விரல் சொல்லிவிடும். மோட்டாரில் சத்தம் மாறுவதும், எதிர்ப்பு சட்டென்று விட்டுப்போவதும்தான் அடையாளம். அந்த நொடியில் டிரிக்கரை விட்டுவிட வேண்டும். அழுத்தித் தள்ளிக்கொண்டிருந்தால் ஊசி எதிர்ப்பக்கச் சுவரைத் தாண்டிவிடும். முதுகெலும்பின் முன்சுவருக்கு அப்பால் இருப்பது அயோர்ட்டா (பெருந்தமனி). அதனால் தோலிலிருந்து இலக்கு வரை உள்ள ஆழத்தைத் திரையில் அளந்து, ஊசியின் சென்டிமீட்டர்க் கோட்டில் ஸ்டெரிஸ்ட்ரிப் (ஒட்டுப்பட்டை) ஒட்டிவிட்டே தொடங்குவோம். மார்பெலும்பில் மோட்டாரை எடுப்பதே இல்லை. சுவர் மெல்லியது, பின்னால் இதயம்.

செய்முறையில் தவறு நடக்கும் இடங்கள் சில உண்டு. 22 கேஜ் ஸ்பைனல் ஊசியால் எலும்பைத் தொட்டு, பெரியாஸ்டியத்தில் (எலும்பின் மேலுறையில்) மூன்று நான்கு புள்ளிகளில் 1% லிக்னோகெய்ன் (மரத்துப்போகச் செய்யும் மருந்து) கொடுத்து, இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். வலி பெரியாஸ்டியத்தில்தான், அங்கே மருந்து போய்ச் சேராவிட்டால் எந்த டிரில்லாலும் நோயாளி துள்ளுவார். ஸ்பைனல் ஊசியை எடுக்காமல் விட்டால் அதுவே கோணத்துக்கு வழிகாட்டி. தோலில் 4 மில்லிமீட்டர் கீறல் போடுங்கள். கீறல் சிறிதாக இருந்தால் சுழலும் ஊசியில் தோல் சுற்றிக்கொள்ளும். தசை வழியாக ஊசியைக் கையால்தான் தள்ள வேண்டும். எலும்பில் முனை பட்ட பிறகே, அதையும் ஸ்கேனில் உறுதி செய்த பிறகே டிரிக்கர். அந்த நேரத்தில் ஊசியோரம் காஸ் துண்டு கிடக்கக் கூடாது, அதுவும் சுற்றிக்கொள்ளும். சத்தம் வரும் என்று நோயாளியிடம் முன்பே சொல்லிவைப்பது அவசியம். சொல்லாவிட்டால் லேசான மயக்க மருந்து கொடுத்திருந்தாலும் அசைந்துவிடலாம்.

ஸ்க்லெரோடிக் எலும்பில் வெப்பத்தை மறக்க வேண்டாம். எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே சேதமாகத் தொடங்கும். மூன்று நான்கு நொடி ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டுவதே எங்கள் முறை. டிரில் திணறினால் பலத்தைக் கூட்டாதீர்கள். பெரும்பாலும் ஊசி பக்கவாட்டில் வளைந்து உராய்கிறது என்று பொருள். கையைத் தளர்த்தி, நேராக்கி, லேசான அழுத்தத்தில் ஓட்டினால் நகரும். ஒவ்வொரு சரிபார்ப்பு ஸ்கேனுக்கும் முன் டிரில்லை ஊசியிலிருந்து கழற்றிவிடுங்கள். அதன் எடை மென்மையான எலும்பில் ஊசியைச் சாய்க்கும். படத்தில் உலோக நிழல் விழும். பருமனான நோயாளி என்றால் சிடியின் 70 சென்டிமீட்டர் வளையத்தில் இடிக்கவும் செய்யும்.

துளைக்கும் வரைதான் மோட்டாரை நம்புகிறோம். கோரைப் பிரிப்பது கையால். வெளிக்குழல் வழியே விடும் உள் ஊசியை 1 முதல் 2 சென்டிமீட்டர் ஓட்டியபின் டிரில்லைக் கழற்றி, ஊசியை இரு பக்கமும் முழுச் சுற்றாகச் சில தடவை திருப்பி, 10 மில்லி சிரிஞ்சால் உறிஞ்சியபடி வெளியே இழுப்போம். இப்படிச் செய்யாமல் நேராக உருவினால் கோர் அடியில் ஒட்டிக்கொண்டு உள்ளேயே தங்கிவிடும். ஜம்ஷிடியில் இன்னொரு கவனம் தேவை. அதன் முனை குறுகலானது. கோரை முனை வழியாகத் தள்ளினால் நசுங்கும்; கம்பியை முனையில் நுழைத்துப் பிடிப் பக்கமாகத் தள்ளி எடுக்க வேண்டும்.

போனோப்டி வகை செட்டுக்குத் தனி மரியாதை உண்டு. அதன் டிரில் முனை மையத்திலிருந்து சற்று விலகியிருப்பதால், போடும் துளை கான்யுலாவைவிட அகலமாகிறது. கான்யுலா பின்னாலேயே இறங்குகிறது. தொடை எலும்பின் தடித்த கார்டெக்ஸில் விரலால் திருகித் துளைக்க நேரமும் பொறுமையும் வேண்டும், ஆனால் கட்டுப்பாடு முழுக்கக் கையில் இருக்கும். எம்ஆர்ஐ அறைக்குள் மோட்டார் டிரில்லைக் கொண்டுபோகவே முடியாது. அங்கே அதற்கென்றே செய்த கை ஊசிகள்தான்.

செலவு பற்றி: மோட்டார் ஊசி செட் ஒரு நோயாளிக்கு மட்டுமானது. ஈடிஓ (எத்திலீன் ஆக்சைடு வாயுவால் கிருமி நீக்கம்) செய்து மறுபடி பயன்படுத்தும் ஆசை பல இடங்களில் வரும். மழுங்கிய முனை வழுக்கும், சூடேறும், கோரை நொறுக்கும். தொற்று அபாயம் வேறு. டிரில்லின் உடலை ஆட்டோகிளேவில் போடக் கூடாது, கிருமிநாசினியால் துடைத்து ஸ்டெரைல் உறைக்குள் போட்டே பயன்படுத்த வேண்டும். பேட்டரி மாற்ற முடியாத மாடல்களில் விளக்கு சிவப்பாகிவிட்டால் அன்றைய கேஸுக்கு அதை எடுக்காதீர்கள். நடுவில் நின்றால் கையால் முடிக்க ஒரு ஜம்ஷிடி எப்போதும் மேசையில் இருக்கட்டும்.

எந்தக் கருவியானாலும், முதன்மை எலும்புப் புற்று என்ற சந்தேகம் இருந்தால் ஊசி போகும் பாதையை அறுவை செய்யப்போகும் ஆர்த்தோ ஆங்காலஜிஸ்டிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். மேற்கை எலும்பில் டெல்டாய்டின் (தோள் தசையின்) முன்பகுதி வழியாகப் போவது வழக்கம்; கட்டியோடு அந்தப் பாதையையும் அவர் வெட்டி எடுக்க வேண்டியிருக்கலாம். நம் ஊரில் முதுகெலும்புக் காசநோய் எப்போதும் பட்டியலில் இருப்பதால் ஒரு கோர் ஃபார்மலினில், இன்னொன்று ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கும் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஸ்டெரைல் சலைனில். இரண்டையும் ஒரே புட்டியில் போட்டு ஃபார்மலின் ஊற்றிவிட்டால் கல்ச்சர் போயிற்று. மரபணுச் சோதனை தேவைப்படலாம் என்றால், கோரிக்கைப் படிவத்தில் அமிலத்துக்குப் பதில் ஈடிடிஏ என்ற மென்மையான வேதிப்பொருள் கொண்டு கால்சியம் நீக்கும்படி எழுதுங்கள். வலுவான அமிலத்தில் போட்ட கோரில் டிஎன்ஏ சிதைந்து, சோதனைக்கு உதவாமல் போகலாம்.