கையில் நான்கு லட்சம்: ஸ்விஃப்டா, ஃபிகோவா, போலோவா?

முதல் கார், அதுவும் பழைய கார், அதையும் நம் இஷ்டத்துக்குக் கொஞ்சம் மாற்றி ஓட்ட வேண்டும். இந்த ஆசையோடு வருகிறவர்களில் பலர் கையில் இருக்கும் முழுப் பணத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடுகிறார்கள். நான்கு லட்சம் இருந்தால் நான்கு லட்சத்துக்கும் வண்டி. அலாய் சக்கரம், சஸ்பென்ஷன், ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றிப் பவர் கூட்டுவது) எல்லாம் அப்புறம் சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாமாம். பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய வண்டி அவ்வளவு சுலபமாக விடாது. வந்த முதல் மாதமே டயர் கேட்கும், பேட்டரி கேட்கும், ஷாக் அப்சார்பர் ஒழுகும், கிளட்ச் கடைசி மூச்சில் இருக்கும். அதனால் என் கணக்கு இது: நான்கு லட்சத்தில் இரண்டரைக்கு வண்டி, ஐம்பதாயிரம் அதை நல்ல நிலைக்குக் கொண்டுவர, மிச்சம் ஒரு லட்சம்தான் ஆசைக்கு.

இந்தக் கணக்குக்குள் தமிழ்நாட்டுச் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிற போட்டியாளர்கள் மூன்று. 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறை மாருதி ஸ்விஃப்ட், 2010-இல் வந்த முதல் ஃபோர்டு ஃபிகோ, அதே வருடம் வந்த ஃபோக்ஸ்வேகன் போலோ. விலை ஊருக்கு ஊர், கைக்குக் கை மாறும். நான் சொல்வதெல்லாம் தோராயம்தான்.

நான்காவதாக ஒரு பெயரை யாராவது கட்டாயம் இழுப்பார்கள்: பழைய ஹோண்டா சிட்டி விடெக். அதை முதலிலேயே பேசி முடித்துவிடலாம். 2000 முதல் 2003 வரை வந்த அந்த 1.5 லிட்டர் எஞ்சின் 106 குதிரைத்திறன் தந்தது. காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ இல்லாமல், மேலே சுற்றச் சுற்ற உயிர் வரும் எஞ்சின். ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் அந்த வண்டிகளில் இளையதுக்கே இன்று இருபது வயது தாண்டிவிட்டது. 15 வருடம் முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2025-இல் அதையும் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க மாட்டார். விற்பனைக்கு வருவது ஐந்தாறு கை மாறி, ஆளுக்கொரு வயரை வெட்டி ஒட்டிய வண்டியாக இருக்கும். வீட்டில் தினசரிக்கு வேறு கார் இருந்தால் வாங்கிக் கொஞ்சலாம். திங்கட்கிழமை காலை ஆபீஸ் போக வேண்டிய முதல் காராக வேண்டாம். எஸ்டீம், பாலியோ 1.6 என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.

வண்டிகளுக்குள் போவதற்கு முன் சட்டம். எந்த வகையைத் தேடுவது என்பதையே இது மாற்றிவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் தந்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. அதே வருடம் வந்த திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, சில சமயம் இரண்டும். நிறம் மாற்றினால் ஆர்டிஓ அனுமதியும் ஆர்சியில் பதிவும் வேண்டும். கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் 2012-லேயே போச்சு. முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்புக்கு 2017 டிசம்பரில் தடை வந்தது. ஊரே திரும்பிப் பார்க்கிற சைலன்ஸருக்குத் தனியாக ஒரு பிரிவு இருக்கிறது. ஆக, இதே மாடலின் உயர் வகையில் கம்பெனியே எதைக் கொடுத்தது என்று பார்த்து, அதைக் கீழ் வகையில் மாட்டுவதுதான் இருப்பதிலேயே தலைவலி குறைந்த மாடிஃபிகேஷன்.

இந்த இடத்தில்தான் ஸ்விஃப்ட் முந்துகிறது. விஎக்ஸ்ஐ வகைக்கு கம்பெனி கொடுத்தது 165/80 ஆர்14 டயர், அதாவது அகலம் 165 மி.மீ., ரிம் 14 அங்குலம். குச்சிக்கால் மாதிரி மெல்லிசு. வளைவில் உள்ளே தள்ளினால் முதலில் கத்துவது அதுதான். அதே வண்டியின் உயர் வகையான இசட்எக்ஸ்ஐக்கு 185/65 ஆர்15. இரண்டின் மொத்த விட்டத்தையும் கணக்குப் போட்டால் 620, 621 மில்லிமீட்டர் என்று வருகிறது, கிட்டத்தட்ட ஒன்றேதான். ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, சக்கரம் ஃபெண்டரில் உரசாது. கம்பெனி அளவு என்பதால் கேட்பவருக்குப் பதிலும் உண்டு. இசட்எக்ஸ்ஐ வண்டியிலிருந்து கழற்றிய அலாய் செட்டே பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். மாருதியின் சக்கரம் உட்காரும் நான்கு போல்ட், 100 மி.மீ. வட்டம் என்ற அமைப்பு ஹோண்டா, ஹூண்டாய் என்று பலருக்கும் பொது. அதனால் அலாய் கடையில் நுழைந்தால் பாதிக் கடை உங்களுக்கானது. ஃபிகோவின் அமைப்பு நான்கு போல்ட், 108. போலோவுடையது ஐந்து போல்ட், 100. இரண்டுக்கும் தேர்வு குறைவு, விலை கூடுதல். சின்ன விஷயம் போலத் தெரியும். முதல் மாதமே நீங்கள் போகப்போவது அலாய் கடைக்குத்தான் என்பதை மறக்க வேண்டாம்.

இனி எஞ்சின். ஸ்விஃப்ட் பெட்ரோலில் இருப்பது 1.2 லிட்டர் கே-சீரிஸ், சுமார் 85 குதிரைத்திறன், எடையோ ஒரு டன்னுக்குள். ஸ்டாக்கிலேயே, அதாவது எதையும் மாற்றாமலே, துள்ளும். ஆனால் டர்போ இல்லாத இந்த எஞ்சினில் ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட், ரீமேப் என்று ஐம்பதாயிரம் கொட்டினாலும் கூடுவது விரல் விட்டு எண்ணும் குதிரைகள்தான். சத்தம் கூடும், வேகம் கூடின மாதிரி இருக்கும். பவரை அளக்கும் டைனோவில் ஏற்றினால் முகம் வாடும்.

டீசல் ஸ்விஃப்ட் கதை வேறு. ஃபியட்டின் 1.3 மல்டிஜெட், 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் இழுவை. டிசையர், ரிட்ஸ், புன்டோ, விஸ்டா என்று ஒரு காலத்தில் திரும்பிய பக்கமெல்லாம் இதே எஞ்சின். இந்தியாவின் தேசிய எஞ்சின் என்றே கேலி செய்வார்கள். டாக்ஸிகளில் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியதால் இதைப் பிரித்துப் பூட்டத் தெரியாத மெக்கானிக் அபூர்வம். டர்போ இருப்பதால் இருபதாயிரம் ரூபாய் வாக்கில் ஒரு ரீமேப் போட்டாலே 90-ஐத் தாண்டும். செலவழித்த ரூபாய்க்கு இவ்வளவு பலன் வேறு எதிலும் வராது. அதோடு கிளட்சும் வந்து நிற்கும். பழைய கிளட்ச் இந்தக் கூடுதல் இழுவையைத் தாங்காமல் வழுக்கும். மூன்றாவது நான்காவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் ஆர்பிஎம் முள் மட்டும் ஏறும், வண்டி ஏறாது. ரீமேப் விலை கேட்கும்போதே கிளட்ச் செட்டின் விலையையும் சேர்த்துக் கேளுங்கள். 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே டர்போ விழிக்காமல் இருக்கும் அந்தத் தூக்கக் கலக்கம் ரீமேப்புக்குப் பிறகும் முழுசாகப் போகாது. நகரத்து நெரிசலில் அது தினசரி எரிச்சல்.

ஃபிகோ எனக்கு மனசுக்கு நெருக்கமான வண்டி, அதை மறைக்கப் போவதில்லை. மறைமலைநகரில் செய்த வண்டி. ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங். ஸ்விஃப்டின் எலெக்ட்ரிக் ஸ்டீயரிங்கில் இருந்து இதற்கு மாறி உட்கார்ந்தால், முன் சக்கரம் எதன் மேல் உருள்கிறது என்று கைக்குத் தெரியும். ஏற்காடு மலைப்பாதையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் நான் சொல்வது புரியும். கட்டுமானமும் திடம். 1.2 பெட்ரோல் வெறும் 71 குதிரைத்திறன், மந்தம், அதை விட்டுவிடுங்கள். 1.4 டீசல் 69 குதிரைத்திறன்தான் என்றாலும் கீழேயிருந்தே இழுக்கும், மல்டிஜெட் போலத் தூங்காது. அதற்கும் ரீமேப் உண்டு. விலைதான் பெரிய வசதி: 2021 செப்டம்பரில் ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த பிறகு மறுவிற்பனை மதிப்பு சரிந்தது, இன்று அதே வயது ஸ்விஃப்டைவிடக் கணிசமாகக் குறைத்துக் கிடைக்கும். விற்கிறவருக்கு வந்த கஷ்டம் வாங்குகிறவருக்கு லாபம்.

அந்த லாபத்தில் ஒரு பகுதியை ஃபிகோ திரும்ப வாங்கிக்கொள்ளும். சர்வீஸும் ஃபில்டர், பிரேக் பேட் போன்றவையும் பிரச்சினை இல்லை. சென்னையில் இருந்தால் புதுப்பேட்டையில் தேடினால் கதவு, விளக்கு, கியர்பாக்ஸ் வரை கிடைக்கும். தென்காசியிலோ திருவாரூரிலோ இருந்தால் ஒரு ஏசி கன்ட்ரோல் பேனலுக்குப் பல நாள் பார்சலுக்குக் காத்திருக்க நேரலாம். ஃபோர்டில் ஊறிய மெக்கானிக் ஒருவர் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று விசாரித்த பிறகு வண்டியைத் தேடுங்கள்.

போலோவை எல்லோரும் அழகுக்காக வாங்குகிறார்கள். கதவைச் சாத்தும் சத்தமே போதும், ஆள் விழுந்துவிடுவார். ஆனால் நம் பட்ஜெட்டுக்குள் வருவது மூன்று சிலிண்டர் 1.2 பெட்ரோல், 75 குதிரைத்திறன், ஸ்விஃப்டைவிடக் கனமான உடம்பு. வெளியே பார்த்தால் பந்தயக் கார், உள்ளே பள்ளிக்கூட வேன். இதற்கு லோயரிங் ஸ்பிரிங்கும் பெரிய அலாயும் மாட்டி ஓட்டுவது சுத்த வேஷம். ஆசையைத் தூண்டும் போலோ என்றால் 2013-இல் வந்த ஜிடி டிஎஸ்ஐதான்: 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர், ரீமேப்புக்கு ஏங்கிக் கிடக்கும் டர்போ பெட்ரோல். அதோடு வருவது ஏழு கியர் டிஎஸ்ஜி, இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக். அதன் உலர் கிளட்சும், கியரை மாற்றும் மெக்காட்ரானிக் யூனிட்டும் நம் ஊர் வெயிலிலும் நெரிசலிலும் எப்படி அவதிப்படுகின்றன என்பது ஊரறிந்த கதை. அது போனால் வரும் பில் லட்சத்தைத் தொடும். நான்கு லட்சத்துக்குள் ஜிடி கிடைக்கிறது என்றால், அந்த பில்லை உங்கள் தலையில் கட்டத்தான் விற்கிறார் என்று சந்தேகப்படுவது நல்லது. ஆறேழு லட்சம் இருக்கிறவர் போலோ பக்கம் வரட்டும்.

சரி, என் ஓட்டு? பெட்ரோல் ஸ்விஃப்ட், முடிந்தால் இசட்எக்ஸ்ஐ. ஏர்பேக்கும், பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் அதில் கம்பெனியே கொடுத்திருக்கிறது. அலாய், ஸ்பிரிங், சீட் எதையும் பிற்பாடு மாட்டலாம். ஏபிஎஸ்ஸைப் பிற்பாடு மாட்டுவது நடைமுறையில் ஆகாத காரியம். பவரைக் கூட்ட வழி இல்லை என்பதை முதல் வண்டிக்கு நான் குறையாகவே பார்க்கவில்லை. ஒரு லட்சமும் டயர், பிரேக் பேட், ஷாக் அப்சார்பர் என்று போகும். அந்த 85 குதிரையையும் முழுசாகப் பயன்படுத்த முடியும். மாதம் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவர், பெரும்பாலும் ஹைவே என்றால் டீசல் ஸ்விஃப்ட். நல்ல மெக்கானிக் கைவசம் இருந்து, ஸ்டீயரிங் பிடிக்கிற சுகம்தான் முக்கியம் என்பவருக்கு ஃபிகோ டீசல். மிச்சமாகும் பணத்தில் நல்ல டயர் போடலாம்.

வாங்கும்போது பார்ப்பதில் இரண்டை மட்டும் சொல்கிறேன், மற்றதை உங்கள் மெக்கானிக் பார்த்துக்கொள்வார். சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையும் நினைவில் இருக்கட்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடியில் சுருண்டு கிடந்த பகுதியில் சேற்றுக் கறை கோடு போட்டிருந்தால் பேச்சே வேண்டாம். சீட்டை முன்னால் தள்ளி அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டாவது, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீங்கள் போகும்போதே பானட் சுடுகிறது என்றால், ஏன் முன்கூட்டியே ஓட விட்டார் என்று கேளுங்கள். மல்டிஜெட்டில் டைமிங் செயின் தேய்ந்திருந்தால் காலையில் முதல் ஸ்டார்ட்டில் கேட்கும் கரகரப்புதான் காட்டிக்கொடுக்கும். சூடான எஞ்சினில் அது அடங்கிவிடலாம்.

ஏற்கெனவே மாடிஃபை பண்ணிய வண்டி மலிவாக வந்தால்? நான் தொட மாட்டேன். ஸ்பிரிங்கை மெஷினில் வெட்டித் தாழ்த்தியவர், ரீமேப்பை அழித்துவிட்டு விற்பவர், ஹெட்லைட் வயரை அறுத்து எச்ஐடி பல்பு மாட்டியவர், யார் எதைச் செய்தார் என்று கண்டுபிடிப்பதற்குள் உங்கள் ஒரு லட்சம் கரைந்துவிடும். ஸ்டாக் வண்டியாகப் பாருங்கள், கம்பெனி சர்வீஸ் விவரத்தோடு.

பணத்தைச் செலவழிக்கும் வரிசை: டயர், பிறகு பிரேக் பேடும் திரவமும், பிறகு ஷாக் அப்சார்பர். தாழ்த்துவதாக இருந்தால் முப்பது மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஸ்விஃப்டின் அடி உயரமே 170 மி.மீ.தான், நம் ஊர் ஸ்பீட் பிரேக்கரைப் போட்டவர் அளவுகோல் வைத்துப் போட்டதில்லை. மாற்றியதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். பிரீமியம் கொஞ்சம் ஏறலாம், ஆனால் விபத்துக்குப் பிறகு சர்வேயர் வந்து கண்டுபிடித்தால் க்ளெய்மே சிக்கலாகும். கழற்றிய ஸ்பிரிங், ஷாக், பழைய ரிம் எதையும் பழைய இரும்புக்குப் போடாமல் மூட்டை கட்டி மொட்டை மாடி அறையில் வையுங்கள். பிற்பாடு விற்கப் போகும்போது வாங்க வருகிறவர் கேட்பது ஸ்டாக் வண்டியைத்தான்.